பாட் ஏன் பேசவில்லை? அறிகுறியிலிருந்து பிழையைப் பிடிக்கும் வழி

கிளஸ்டரை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேன் எழுந்துவிட்டது, வேலை செய்யும் மெஷின்களான ஒர்க்கர் நோடுகளும் ஜாயின் ஆகிவிட்டன, ஆனால் அவற்றில் ஓடும் பாட்கள் (கன்டெய்னர்களின் சிறு தொகுப்புகள்) ஒன்றோடொன்று பேச மாட்டேன் என்கின்றன. சொந்த மெஷின்களில் கியூப்அட்ம் என்ற நிறுவல் கருவி கொண்டு, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் கிளஸ்டர் அமைக்கிறவர்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குபெர்னெட்டீஸ் பாட் நெட்வொர்க்கைத் தானே அமைப்பதில்லை. ஒவ்வொரு பாடுக்கும் தனி ஐபி வேண்டும், எந்த நோடில் இருந்தாலும் பாட்கள் நாட் (முகவரி மாற்றம்) இல்லாமல் நேராகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று விதியை மட்டும் வைத்துவிட்டு, வேலையை, பாட்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தரும் சிஎன்ஐ பிளகின் தலையில் கட்டிவிடுகிறது. அந்தப் பிளகினோ லினக்ஸ் கெர்னல், ஃபயர்வால், நெட்வொர்க் கார்டு, ரவுட்டர் எல்லாவற்றையும் நம்பி நிற்கிறது. எது சறுக்கினாலும் பழி பாட் மேல்தான் விழும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது உபுண்டு, கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டி, கியூப்அட்ம், சிஎன்ஐ பிளகினான ஃபிளானல் சேர்ந்த அமைப்பு. பாட் நெட்வொர்க் 10.244.0.0/16, சர்வீஸ் (பல பாட்களுக்கு முன்னால் நிற்கும் நிலையான முகவரி) நெட்வொர்க் 10.96.0.0/12. இன்னொரு பிளகினான காலிகோ வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன். வீவ் நெட் என்ற பிளகினை நிறுவச் சொல்லும் பழைய வழிகாட்டி கையில் இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். அதை உருவாக்கிய வீவ்ஒர்க்ஸ் நிறுவனம் 2024-லேயே கடையைக் கட்டிவிட்டது.

ஏதாவது தகராறு என்றதும் "கியூப்அட்ம் ரீசெட்" அடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது கைக்கு எட்டிய ஆதாரங்களை அழித்துவிடும். அதோடு அது முழுசாகத் துடைப்பதும் இல்லை. சிஎன்ஐ கான்ஃபிக் கோப்புகள், ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் பாக்கெட்டுகளை வடிகட்டவும் திருப்பவும் வைத்திருப்பது) விதிகள், பழைய பிரிட்ஜ் இன்டர்ஃபேஸ் எல்லாம் அப்படியே தங்கி, அடுத்த முறை புதுப் பிழைகளாக முளைக்கும். ஒரு பிளகின் வேலை செய்யவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்றை நிறுவுவது இதைவிட மோசம்.

## முதலில் பாக்கெட் எங்கே சாகிறது என்று பாருங்கள்

பிங், டிக், டிசிபிடம்ப் எல்லாம் உள்ள நெட்ஷூட் போன்ற ஒரு இமேஜை எடுத்து, ஒரு நோடில் இரண்டு சோதனைப் பாட்கள், இன்னொரு நோடில் ஒன்று என்று ஓட்டுங்கள். "கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ் -ஓ வைட்" கொடுத்தால் எது எந்த நோடில் என்ன ஐபியோடு இருக்கிறது என்று தெரியும். பிறகு முதல் பாடுக்குள் நுழைந்து, இந்த வரிசையில் தட்டிப் பாருங்கள்: தன் நோடின் கேட்வே (10.244.1.1 போல), அதே நோடின் இன்னொரு பாட், அடுத்த நோடின் பாட், ஒரு சர்வீஸ் ஐபி, ஒரு சர்வீஸின் பெயர், கடைசியாக வெளி இணையம். சர்வீஸ் ஐபிக்குப் பிங் அனுப்பிப் பயனில்லை. ஐபிடேபிள்ஸ் முறையில் அந்த ஐபி எந்த இன்டர்ஃபேஸிலும் உட்கார்ந்திருப்பதில்லை. குறிப்பிட்ட போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டை மட்டும் விதிகள் திருப்பிவிடும். அதற்கு கர்ல் அல்லது டிக் போதும்.

எந்தப் படியில் முதன்முதலாக உடைகிறதோ அங்கே நில்லுங்கள். அதற்கு அடுத்து வரும் படிகள் உடைவது அதன் விளைவாகத்தான் இருக்கும். டிஎன்எஸ் வேலை செய்யவில்லை என்று, கிளஸ்டரின் டிஎன்எஸ் சர்வரான கோர்டிஎன்எஸ்ஸைக் குடைந்துகொண்டிருப்பார்கள். பார்த்தால் நோடுகளுக்கு இடையே ஒரு பாக்கெட்கூடப் போயிருக்காது.

## நோடு நாட்ரெடி, கோர்டிஎன்எஸ் பெண்டிங்

பிளகின் நிறுவும் முன்பு இது பிழையே அல்ல. சிஎன்ஐ வரும்வரை கோர்டிஎன்எஸ் பெண்டிங்கில்தான் நிற்கும். "கியூப்சிடிஎல் டிஸ்க்ரைப் நோட்" வெளியீட்டில் "சிஎன்ஐ பிளகின் நாட் இனிஷியலைஸ்டு" என்ற வரியும் இருக்கும்.

ஃபிளானல் நிறுவிய பிறகும் அதே வரி தொடர்ந்தால் கியூப்-ஃபிளானல் நேம்ஸ்பேஸில் உள்ள பாட்களின் லாகைப் படியுங்கள். "பாட் சிஐடிஆர் நாட் அசைன்டு" என்று வந்தால், கியூப்அட்ம் இனிட் கொடுக்கும்போது பாட் நெட்வொர்க் வீச்சைச் சொல்ல மறந்திருக்கிறீர்கள். இதற்காக கிளஸ்டரை இடிக்க வேண்டாம். கன்ட்ரோல் பிளேன் மெஷினில் கன்ட்ரோலர் மேனேஜரின் மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்து, "அலோகேட்-நோட்-சிஐடிஆர்ஸ்" என்பதை ட்ரூ ஆக்கி, "கிளஸ்டர்-சிஐடிஆர்" 10.244.0.0/16 என்று சேர்த்துச் சேமியுங்கள். அது ஸ்டாட்டிக் பாட் என்பதால், நோடில் பாட்களை ஓட்டும் கியூப்லெட் தானே அதை மறுபடி எழுப்பும். வீச்சு இல்லாத நோடுகளுக்கு ஆளுக்கொரு /24 கிடைத்துவிடும். கியூப்அட்ம்-கான்ஃபிக் என்ற கான்ஃபிக்மேப்பிலும் இதே மதிப்பை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்கிரேடில் மேனிஃபெஸ்ட் புதிதாக எழுதப்பட்டு நீங்கள் சேர்த்தது காணாமல் போகும்.

வேறு வீச்சு கொடுத்து கிளஸ்டரை எழுப்பிவிட்டு, ஃபிளானலின் கோப்பை அப்படியே அப்ளை செய்தால் அதற்குள் 10.244.0.0/16 என்றுதான் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

லாகில் "பிஆர்_நெட்ஃபில்டர்" பற்றிப் புலம்பல் இருந்தால் அந்த கெர்னல் மாட்யூல் ஏறவில்லை. "மாட்ப்ரோப்" கொடுத்து ஏற்றுங்கள். கூடவே /ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி அடைவுக்குள் ஒரு கோப்பில் அதன் பெயரையும் எழுதுங்கள், இல்லையேல் ரீபூட் ஆனதும் பழைய கதைதான்.

கியூப்லெட்டே எழ மறுத்து, "நெட்வொர்க்-பிளகின்" என்ற ஃபிளாக் தெரியாது என்று சொன்னால், பழைய வழிகாட்டியிலிருந்தோ பழைய பதிப்பிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த வரி அது. 2022-இல் வந்த 1.24 பதிப்பில் டாக்கர்ஷிம் நீக்கப்பட்டபோது இதுவும் போய்விட்டது. இப்போது சிஎன்ஐயை அழைப்பது கியூப்லெட் அல்ல, கன்டெய்னர்டிதான். /வார்/லிப்/கியூப்லெட் அடைவில் உள்ள கியூப்அட்ம்-ஃபிளாக்ஸ் கோப்பைப் பார்த்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

## பாட் "கன்டெய்னர்கிரியேட்டிங்"கிலேயே நிற்கிறது

"கியூப்சிடிஎல் டிஸ்க்ரைப் பாட்" கொடுத்து, கடைசியில் வரும் ஈவென்ட்களில் சாண்ட்பாக்ஸ் உருவாக்க முடியவில்லை என்ற வரியைத் தேடுங்கள். அந்த நீண்ட வரியின் வால்பகுதியில்தான் விஷயம் இருக்கும்.

லூப்பேக் அல்லது பிரிட்ஜ் பிளகின் கிடைக்கவில்லை என்றால் /ஆப்ட்/சிஎன்ஐ/பின் அடைவு காலியாகவோ அரைகுறையாகவோ இருக்கிறது. குபெர்னெட்டீஸ்-சிஎன்ஐ பேக்கேஜை நிறுவினால் தீர்ந்தது.

/ரன்/ஃபிளானல்/சப்நெட்.என்வ் கோப்பு இல்லை என்றால், அந்த நோடில் ஃபிளானல் ஓடவில்லை என்று அர்த்தம். அந்தக் கோப்பை எழுதுவதே ஃபிளானல்தான். கையால் அந்தக் கோப்பை உருவாக்கச் சொல்லும் யோசனைகள் உலவுகின்றன. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் தெர்மாமீட்டரை ஐஸில் வைக்கிற மாதிரி அது. ஃபிளானல் பாட் அந்த நோடில் ஏன் விழுந்தது என்று பாருங்கள்.

சிஎன்ஐ0 என்ற பிரிட்ஜ் ஏற்கெனவே வேறு ஐபி வைத்திருக்கிறது என்று வந்தால், அந்த நோடு முன்பு வேறு கிளஸ்டரிலோ வேறு /24 வீச்சிலோ இருந்திருக்கிறது. ரீசெட் விட்டுப்போன எச்சம் இது. நோடை ட்ரெயின் செய்துவிட்டு (அதன் பாட்களை வெளியேற்றிவிட்டு), "ஐபி லிங்க் டெலிட் சிஎன்ஐ0" கொடுங்கள். அடுத்து ஒரு பாட் அங்கே வரும்போது பிரிட்ஜ் சரியான ஐபியோடு தானாக உருவாகும்.

ஃபிளானல் கிளஸ்டரில் /வார்/லிப்/காலிகோ/நோட்நேம் கோப்பு இல்லை என்று பிழை வந்தால் குழம்ப வேண்டாம். கன்டெய்னர்டி, /ஈடிசி/சிஎன்ஐ/நெட்.டி அடைவில் உள்ள கோப்புகளைப் பெயர் வரிசைப்படி அடுக்கி முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும். காலிகோவின் கோப்பும் ஃபிளானலின் கோப்பும் 10 என்றுதான் தொடங்குகின்றன. அடுத்த எழுத்தில் ஆங்கில அகரவரிசைப்படி காலிகோ முந்திவிடும். எப்போதோ சோதித்துப் பார்த்த காலிகோவின் கோப்பை எல்லா நோடுகளிலிருந்தும் நீக்குங்கள்.

இன்னொன்று அபூர்வமாக வரும்: வீச்சில் ஐபியே மிச்சமில்லை என்பது. ஒரு /24-இல் 250-க்கு மேல் முகவரிகள் உண்டு, ஒரு நோடில் இயல்பாக 110 பாட்கள்தான் அனுமதி. கணக்குப்படி தீரவே கூடாது. மின்வெட்டில் நோடு சட்டென்று அணைந்தால் பழைய பாட்களின் ஐபி திரும்பத் தரப்படாமல் /வார்/லிப்/சிஎன்ஐ/நெட்வொர்க்ஸ் அடைவுக்குள் சிறு சிறு கோப்புகளாகத் தேங்கிவிடுவதுண்டு. நோடை ட்ரெயின் செய்து, உண்மையில் ஓடும் பாட்களின் ஐபி எவை என்று பார்த்து, அவை தவிர்த்த கோப்புகளை அழியுங்கள்.

## ஒரே நோடில் பேசுகிறது, அடுத்த நோடுக்குப் போகவில்லை

ஃபிளானல், பாட்களின் பாக்கெட்டை விஎக்ஸ்லான் என்ற சுரங்க முறையில் பொதிந்து யுடிபி 8472 போர்ட் வழியாக அடுத்த நோடுக்கு அனுப்புகிறது. விஎக்ஸ்லானுக்கென்று அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட்டது 4789. காலிகோவின் விஎக்ஸ்லான் அதைத்தான் பயன்படுத்துகிறது. சிலியம் என்ற பிளகின் ஃபிளானலைப் போல 8472. ஃபயர்வாலில் தவறான எண்ணைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பது சகஜம். டிசிபி 8472 என்று திறப்பதும் அடிக்கடி நடக்கிறது. யுடிபி என்பதைக் கவனியுங்கள்.

ஊகிப்பதை விட்டு டிசிபிடம்ப் போடுங்கள். பாடிலிருந்து அடுத்த நோடின் பாடுக்குப் பிங் ஓடிக்கொண்டிருக்கட்டும். அனுப்பும் நோடின் வெளி இன்டர்ஃபேஸில் யுடிபி 8472 பாக்கெட் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் பிரச்சினை அந்த நோடுக்குள்ளேயே இருக்கிறது. "நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு" 1 ஆக இருக்கிறதா, ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்டு சங்கிலி எல்லாவற்றையும் டிராப் செய்கிறதா என்று பாருங்கள். டாக்கர் அதே மெஷினில் இருந்தால் ஃபார்வர்டு பாலிசியை டிராப் ஆக்கி வைக்கும், உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவும் அப்படித்தான். ஐபி_ஃபார்வர்டு 0 ஆக இருக்கும் நோடுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரே நோடின் பாட்கள் பிரிட்ஜ் வழியாகப் பேசிக்கொள்ளும், நோடிலிருந்து பாடுக்கும் போகும், ஆனால் அடுத்த நோடும் வெளி இணையமும் இரண்டும் சேர்ந்தே செத்திருக்கும்.

அனுப்பும் நோடில் தெரிந்து, வாங்கும் நோடில் தெரியவில்லை என்றால் நடுவில் யாரோ தின்கிறார்கள்: கிளவுட் செக்யூரிட்டி குரூப், ஹைப்பர்வைசரின் ஃபயர்வால், ஸ்விட்ச். வாங்கும் நோடின் வெளி இன்டர்ஃபேஸில் தெரிந்து, விஎக்ஸ்லான் பொதியைப் பிரிக்கும் ஃபிளானல்.1 இன்டர்ஃபேஸில் தெரியவில்லை என்றால் அந்த நோடின் ஃபயர்வால். டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வெளி இன்டர்ஃபேஸில் தெரிவதாலேயே ஃபயர்வால் விட்டுவிட்டது என்று ஆகாது.

அனுப்பும் நோடில் பாக்கெட் கிளம்புகிறது, ஆனால் போய்ச் சேரும் முகவரி விசித்திரமாக இருக்கிறதா? வேக்ரன்டும் விர்ச்சுவல்பாக்ஸும் வைத்து வீட்டில் பழகுகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு மெஷினின் முதல் கார்டுக்கும் ஒரே முகவரியை, 10.0.2.15-ஐ, கொடுக்கிறது. ஃபிளானல் டிஃபால்ட் ரூட் உள்ள கார்டைத் தேர்ந்தெடுப்பதால், எல்லா நோடுகளும் "என் முகவரி 10.0.2.15" என்றே அறிவிக்கும். நோடின் அனோட்டேஷன்களில் ஃபிளானல் எழுதியிருக்கும் பப்ளிக்-ஐபியைப் பார்த்தால் கையும் களவுமாகப் பிடிபடும். ஃபிளானலின் டீமன்செட்டில் (நோடுக்கு ஒரு பாட் ஓட்டும் அமைப்பு) "ஐஃபேஸ்" ஆர்க்யூமென்டாகச் சரியான கார்டின் பெயரைக் கொடுங்கள். கியூப்லெட்டின் நோட்-ஐபியையும் அதே கார்டின் முகவரிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் லாக் பார்ப்பதும் எக்ஸெக்கும் தடுமாறும்.

மெஷின்களை க்ளோன் செய்து நோடுகளாக்கியவர்கள் மெஷின்-ஐடியும் மேக் முகவரியும் நோடுக்கு நோடு வேறா என்று பார்க்க வேண்டும். சிஸ்டம்டி, மெய்நிகர் இன்டர்ஃபேஸுக்கான மேக் முகவரியை மெஷின்-ஐடியிலிருந்தும் இன்டர்ஃபேஸ் பெயரிலிருந்தும் கணக்கிடுவதுண்டு. எல்லா நோடிலும் ஐடி ஒன்று, பெயரும் ஃபிளானல்.1 தான், பழைய ஃபிளானல் பதிப்புகளில் மேக்கும் ஒன்றாகிவிடும்.

காலிகோவில் இதே அறிகுறிக்கு வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். காலிகோ-நோட் பாட் "பிஜிபி நாட் எஸ்டாப்ளிஷ்டு" என்று சொன்னால் நோடுகள் ரூட்களைப் பகிர்ந்துகொள்ளும் பிஜிபியின் போர்ட்டான டிசிபி 179 அடைபட்டிருக்கிறது, அல்லது டாக்கர் பிரிட்ஜ் போன்ற தவறான கார்டின் ஐபியைக் காலிகோ பிடித்திருக்கிறது. ஐபி பாக்கெட்டை இன்னொரு ஐபி பாக்கெட்டுக்குள் பொதியும் ஐபிஐபி முறையில் இருந்தால் இன்னொரு பொறி: அது டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல, ஐபி புரோட்டோகால் எண் 4. டிசிபி, யுடிபி எல்லாப் போர்ட்டையும் திறந்துவைத்தாலும் அது கடக்காது.

## பிங் போகிறது, டிசிபி போகவில்லை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த நோடின் பாடுக்குப் பிங் அழகாகப் போகும். ஆனால் கர்ல் தொங்கும், அல்லது சர்வீஸ் வழியாகப் போனால் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து பிறகு பதில் வரும். விஎக்ஸ்லான் பாக்கெட்டின் செக்சமை (சேதம் இல்லை என்று சரிபார்க்கும் எண்) நெட்வொர்க் கார்டே கணக்கிடட்டும் என்று கெர்னல் விட்டுவிட, அது தவறாகப் போகும் கோளாறு சில கெர்னல், டிரைவர் சேர்க்கைகளில் உண்டு. 2020 வாக்கில் ஃபிளானல் பயன்படுத்தியவர்கள் பலரை இது படுத்தியெடுத்தது.

வாங்கும் நோடில் டிசிபிடம்ப் போட்டு, செக்சம் தவறு என்ற குறிப்பு வருகிறதா பாருங்கள். அனுப்பும் நோடில் அது தவறாகத் தெரிவது இயல்பு. கார்டு இன்னும் கணக்கிட்டிருக்காது. வாங்கும் பக்கத்தில் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். "ஈடிஎச்டூல்" கொண்டு ஃபிளானல்.1 இன்டர்ஃபேஸின் டிஎக்ஸ் செக்சம் ஆஃப்லோடை அணைத்துப் பாருங்கள். உடனே சரியானால் நோய் அதுதான். ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க யுடெவ் விதியாக எழுதி வையுங்கள். கெர்னலை அப்கிரேட் செய்ய முடிந்தால் அதைச் செய்யுங்கள்.

## சிறியது போகிறது, பெரியது தொங்குகிறது

பிங் போகிறது, கர்லில் சின்னப் பதில் வருகிறது, ஆனால் எச்டிடிபிஎஸ் கைகுலுக்கலில் நின்றுவிடுகிறது, இமேஜ் அல்லது பெரிய ஜேசன் பாதியில் உறைகிறது என்றால் எம்டியுதான், அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எல்லை.

கணக்கு எளிது. ஈதர்நெட்டின் எம்டியு 1500. விஎக்ஸ்லான் பொதிக்கு உள் ஈதர்நெட் ஹெடர் 14, விஎக்ஸ்லான் ஹெடர் 8, யுடிபி 8, ஐபி 20, ஆக 50 பைட் கூடுதல். பாடின் எம்டியு 1450 ஆக இருக்க வேண்டும். ஐபிஐபிக்கு 20 மட்டும் போகும், எனவே 1480. ஃபிளானல் தன் கார்டின் எம்டியுவிலிருந்து 50-ஐத் தானே கழித்துக்கொள்ளும். சிக்கல் எப்போது வரும் என்றால், கார்டு 1500 என்று சொல்ல, நடுவழியில் உள்ள இணைப்பு அதைவிடக் குறைவாக எடுத்துக்கொள்ளும்போது. வாடகை சர்வர்களின் தனி நெட்வொர்க் 1400 ஆக இருக்கலாம். நோடுகளை வயர்கார்டு வழியாக இணைத்தால் அதன் வழக்கமான எம்டியு 1420. அதற்கு மேல் விஎக்ஸ்லான் ஏறினால் பாடுக்கு 1370-தான் மிஞ்சும்.

துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு பிங் அனுப்பி அளந்துவிடுங்கள்: "பிங் -எம் டூ -எஸ் 1422". ஐபி, ஐசிஎம்பி ஹெடர்களுக்கு 28 சேர்ந்து 1450 ஆகும். இது அடுத்த நோடின் பாடுக்குப் போனால் எம்டியு நன்றாக இருக்கிறது. போகவில்லை என்றால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியாகப் போகும் எண்ணோடு 28-ஐக் கூட்டுங்கள். அதுதான் பாடுக்குக் கொடுக்க வேண்டிய எம்டியு. நோடின் முகவரிக்கும் தனியாக அளந்து 50 வித்தியாசம் வருகிறதா என்று பாருங்கள். ஃபிளானலில் நெட்-கான்ஃப் கோப்பின் பேக்கெண்ட் பகுதியில் எம்டியு எழுதலாம். அங்கே எழுத வேண்டியது வெளி இணைப்பின் எம்டியு, 50 கழிக்காதது. கழித்து எழுதினால் இரண்டு தரம் கழிந்துவிடும். மாற்றிய பிறகு ஃபிளானலை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே ஓடும் பாட்கள் பழைய எம்டியுவையே வைத்திருக்கும். அவற்றையும் மறுபடி எழுப்ப வேண்டும். "மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

## சர்வீஸ் ஐபி சில நேரம் மட்டும் வேலை செய்கிறது

எனக்குப் பிடித்த பிழை இது, ஏனென்றால் பார்த்தால் மாயம் போல இருக்கும், புரிந்துவிட்டால் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். பாட் ஐபிக்கு நேராகப் போனால் எல்லாம் சரி. சர்வீஸ் ஐபி வழியாகப் போனால் ஒருமுறை வரும், ஒருமுறை வராது. டிக் கொடுத்தால் சில சமயம் "10.96.0.10-இலிருந்து பதிலை எதிர்பார்த்தேன், 10.244.1.5-இலிருந்து வந்தது" என்று சொல்லும்.

அந்த வரியே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. உங்கள் பாட் 10.244.1.7, கோர்டிஎன்எஸ் பாட் 10.244.1.5, இரண்டும் ஒரே நோடில். கேள்வி கோர்டிஎன்எஸ்ஸின் சர்வீஸ் ஐபியான 10.96.0.10-க்குக் கிளம்புகிறது. அது வேறு வீச்சு என்பதால் கேட்வேக்குப் போகிறது. அங்கே, சர்வீஸ் ஐபிகளைப் பாட்களுக்குத் திருப்பும் கியூப்-ப்ராக்ஸி எழுதிய ஐபிடேபிள்ஸ் விதி, போய்ச் சேரும் முகவரியை 10.244.1.5 என்று மாற்றி அனுப்புகிறது. பதில் திரும்பும்போது கோர்டிஎன்எஸ் பார்க்கிறது: 10.244.1.7 என் வீச்சிலேயே இருக்கிறதே, கேட்வே எதற்கு? பிரிட்ஜ் வழியாக நேராகக் கொடுத்துவிடுகிறது. மாற்றிய முகவரியைத் திரும்ப மாற்ற வேண்டிய ஐபிடேபிள்ஸ் அந்தப் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. கேட்ட பாடுக்கோ முன்பின் தெரியாத ஆளிடமிருந்து பதில் வந்த மாதிரி, தூக்கி எறிந்துவிடுகிறது.

கோர்டிஎன்எஸ் அடுத்த நோடில் இருந்தால் பதில் ரூட் ஆகித்தான் வர வேண்டும், எனவே சரியாக மாற்றப்பட்டுவிடும். வழக்கமாக கோர்டிஎன்எஸ் இரண்டு பாட்களாக ஓடும். ஒன்று உங்கள் நோடிலும் ஒன்று வேறெங்கோ இருந்தால் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் தோற்கும். இரண்டுமே கன்ட்ரோல் பிளேனில் இருந்தால் ஒர்க்கர்களில் எல்லாம் சரியாகவும், கன்ட்ரோல் பிளேனில் ஓடும் பாட்களில் மட்டும் எல்லாம் தவறாகவும் இருக்கும்.

தீர்வு ஒரு வரி. பிரிட்ஜ் வழியாகப் போகும் பாக்கெட்டையும் ஐபிடேபிள்ஸுக்குக் காட்டச் சொல்லும் "நெட்.பிரிட்ஜ்.பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்" 1 ஆக இருக்க வேண்டும். பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூல் ஏறினால்தான் இந்த அமைப்பே தென்படும். ஏறியதும் 1 ஆகத்தான் இருக்கும், ஆனால் வேறு ஏதோ சிஸ்சிடிஎல் கோப்பு அதை 0 ஆக்கியிருக்கலாம். /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஐபி_ஃபார்வர்டோடு சேர்த்து இதையும் எழுதி, "சிஸ்சிடிஎல் --சிஸ்டம்" கொடுத்து, எந்தக் கோப்பு கடைசியில் வெல்கிறது என்று வெளியீட்டில் பாருங்கள். காலிகோ இயல்பாகப் பாட்களைப் பிரிட்ஜில் கோக்காமல் ஒவ்வொன்றுக்கும் /32 ரூட் போடுவதால் அங்கே இந்தக் கூத்து கிடையாது.

சர்வீஸ் ஐபி எந்த நோடிலிருந்தும் எப்போதும் போகவில்லை என்றால் அது வேறு. கியூப்-ப்ராக்ஸி ஓடுகிறதா, சர்வீஸின் செலக்டர் பாட்களோடு பொருந்தி எண்ட்பாயிண்ட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில் ஒரு எழுத்துப் பிழை, நெட்வொர்க்கைக் குடைந்து ஒரு மாலை போய்விடும்.

## பெயர் மட்டும் கிடைக்கவில்லை

கோர்டிஎன்எஸ் கிராஷ்லூப்பேக்ஆஃபில் இருந்து, லாகில் லூப் கண்டுபிடிக்கப்பட்டது என்று வந்தால், நோடின் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127.0.0.53 இருக்கிறது. அது சிஸ்டம்டி-ரிசால்வ்டின் உள்முகவரி. பாடுக்குள் போனால் 127 என்று தொடங்குவது பாட் தன்னையே குறிப்பது. கோர்டிஎன்எஸ் தன்னிடமே கேட்டுக்கொண்டு சுற்றுகிறது. கியூப்லெட் கான்ஃபிகில் ரிசால்வ்கான்ஃப் மதிப்பை /ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ்/ரிசால்வ்.கான்ஃப் என்று மாற்றி, கியூப்லெட்டை ரீஸ்டார்ட் செய்து, கோர்டிஎன்எஸ் பாட்களை அழித்து மறுபடி வரவிடுங்கள். லூப் பிளகினை கோர்ஃபைலிலிருந்து நீக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள்; எச்சரிக்கை மணியைக் கழற்றுவதுதான் அது, சுற்றல் நிற்காது.

உள்பெயர்கள் கிடைத்து, வெளிப்பெயர்கள் தாமதமானால் என்டாட்ஸ் 5 என்ற அமைப்பைப் பாருங்கள். ஐந்துக்குக் குறைவான புள்ளிகள் உள்ள பெயருக்கு எல்லாத் தேடல் பின்னொட்டுகளையும் முயன்ற பிறகே உண்மையான பெயரைக் கேட்கும். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்துக் கேட்டு வேகமாக வந்தால் அதுதான் காரணம்.

## வீட்டு ரவுட்டர், நாஸ், அலுவலக சர்வர் மட்டும் எட்டவில்லை

காலிகோவின் வழக்கமான பாட் வீச்சு 192.168.0.0/16. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0.x அல்லது 192.168.1.x கொடுப்பவை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. பாட் வெளியே போகும்போது காலிகோ முகவரியை நோடின் ஐபியாக மாற்றும். ஆனால் போய்ச் சேரும் முகவரி தன் பாட் வீச்சுக்குள் இருந்தால் மாற்றாது, அதுவும் ஒரு பாட் என்று நினைத்துக்கொள்ளும். 192.168.1.50-இல் உள்ள நாஸுக்கு (வீட்டு நெட்வொர்க்கின் சேமிப்பகம்) பாடின் முகவரியோடே பாக்கெட் போய்ச் சேரும். நாஸுக்கு அந்த முகவரிக்கு வழி தெரியாது, பதில் வராது. இணையம் நன்றாகப் போகும், வீட்டுக்குள் இருப்பது மட்டும் எட்டாது.

கிளஸ்டரில் இன்னும் ஒன்றும் பெரிதாக ஓடவில்லை என்றால் 10.244.0.0/16 போல மோதாத வீச்சோடு புதிதாகக் கட்டிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ரீசெட்டுக்கு நானே ஆதரவு. ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டர் என்றால் புது ஐபிபூல் சேர்த்து, பழையதை டிஸேபிள் செய்து, பாட்களை ஒவ்வொன்றாக மறுபடி எழுப்பி, கடைசியில் பழைய பூலை நீக்க வேண்டும். கியூப்-ப்ராக்ஸியிலும் கன்ட்ரோலர் மேனேஜரிலும் உள்ள கிளஸ்டர்-சிஐடிஆரையும் மறக்கக் கூடாது.

சர்வீஸ் வீச்சிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. 10.96.0.0/12 என்பது 10.111.255.255 வரை நீள்கிறது. அலுவலக விபிஎன்னில் 10.100-இல் ஒரு சர்வர் இருந்தால் பல மாதம் ஒன்றும் ஆகாது. அதே முகவரி ஏதாவது ஒரு சர்வீஸுக்கு ஒதுக்கப்பட்டு, போர்ட்டும் ஒன்றாக அமைந்த நாளில் அந்த சர்வர் கிளஸ்டரின் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

## நேற்றுவரை போனது, பாலிசி போட்டதும் நின்றது

ஒரு பாடை, வெளியே போவதைக் கட்டுப்படுத்தும் எக்ரஸ் பாலிசி தொட்டுவிட்டால், அதில் அனுமதித்தது தவிர வெளியே எதுவும் போகாது. டேட்டாபேஸ் போர்ட்டை மட்டும் அனுமதித்திருப்பீர்கள். டேட்டாபேஸின் பெயரைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியே செத்துப்போகும். கியூப்-சிஸ்டம் நேம்ஸ்பேஸுக்கு 53-ஐ யுடிபி, டிசிபி இரண்டிலும் திறந்துவிடுங்கள்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. ஃபிளானல் மட்டும் நிறுவியிருந்தால் நெட்வொர்க்பாலிசி போட்டாலும் குபெர்னெட்டீஸ் ஏற்றுக்கொள்ளும், பட்டியலில் காட்டும், ஆனால் யாரும் அமல்படுத்த மாட்டார்கள். பிழை எதுவும் வராது. அடைத்துவிட்டோம் என்று நினைத்த பாடுக்கு இன்னொரு நேம்ஸ்பேஸிலிருந்து ஒரு கர்ல் அடித்துப் பாருங்கள். பதில் வந்தால், பாலிசியை அமல்படுத்தும் காலிகோவோ சிலியமோ தேவை. அதை ஓடும் கிளஸ்டரில் ஃபிளானல் மேல் கொட்டாமல், ஃபிளானலின் டீமன்செட், சிஎன்ஐ கோப்பு, சிஎன்ஐ0, ஃபிளானல்.1 நான்கையும் நோடு நோடாக அகற்றிவிட்டு மாற்றுங்கள்.